ஏ லைனில் தூள் பறக்கிறதா? செடி மைட்டோகாண்ட்ரியாவின் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிப்பது

கொங்கு நாட்டில் ஒட்டுச் சோளம், ஒட்டுக் கம்பு, சூரியகாந்தி என்று விதைப் பயிர் வைப்பவர்கள் ஒரு பக்கம். அவர்கள் பறித்துக் கொடுக்கும் கதிரையும் இலையையும் கோவையில் வாங்கி டிஎன்ஏ எடுத்துப் பார்க்கும் மாணவர்களும் ஆய்வக உதவியாளர்களும் இன்னொரு பக்கம். இரண்டு தரப்புக்கும் வருவது ஒரே சந்தேகம்தான். தோட்டத்தில் அது "ஏனுங்க, மலடுன்னு குடுத்த செடி தூள் கொட்டுதுங்களே" என்று வரும்; தூள் என்றால் மகரந்தம். ஆய்வகத்தில் "இந்த பேண்டு பி லைன்லயும் ஏன் தெரியுது?" என்று வரும்; பேண்டு என்பது டிஎன்ஏ சோதனையில் ஜெல்லில் தெரியும் கோடு, ஏ லைன் ஒட்டு விதையின் மலட்டுத் தாய், பி லைன் அதைப் பெருக்கும் துணை. இரண்டுக்கும் பதில் சில சமயம் மைட்டோகாண்ட்ரியாவின் (செல்லுக்குச் சக்தி தரும் உறுப்பு) டிஎன்ஏ மறுசேர்க்கையில், அதாவது துண்டுகள் இடம் மாறி ஒட்டுவதில் இருக்கும். பெரும்பாலும் அதைவிடச் சாதாரணமான இடத்தில் இருக்கும். எது எப்போது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்த வழிமுறை.

முதலில் கொஞ்சம் அடிப்படை

மனித மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ 16,569 இணை (டிஎன்ஏ எழுத்துச் சோடி) நீளம். ஜீன்கள் 37. ஒரே வட்டம், ஒரே வரிசை. அந்த ஒழுங்கைச் செடியில் எதிர்பார்த்தால் முதல் நாளே குழப்பம்தான். அரபிடாப்சிஸ் என்ற சிறு கடுகுச் செடியில் அது சுமார் 3.67 லட்சம் இணை. நெல்லில் சுமார் 4.9 லட்சம். வெள்ளரியில் மூன்று தனி வட்டங்களாகச் சேர்த்து 16 லட்சத்துக்கும் மேல். சைலீன் கோனிகா என்ற ஒரு களைச்செடியில் 1.13 கோடி வரை போகிறது. ஜீன்களின் எண்ணிக்கை இதற்கு ஏற்ப ஏறுவதில்லை. இடையில் கிடப்பது நிறைய நிரப்புத் துணி, அதில் ஒரே வரிசை இரண்டு மூன்று இடங்களில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகள்.

அந்தத் திரும்பு துண்டுகளில்தான் எல்லாக் கதையும். கோவை காந்திபுரத்திலிருந்து புறப்படும் இரண்டு பஸ்கள் வேறு வேறு வழியில் போனாலும் ஒரே நிறுத்தத்தைத் தொட்டால், அங்கே இறங்கி மாறி ஏறலாம் அல்லவா? இரண்டு டிஎன்ஏ இழைகள் ஒரே வரிசையைத் தொடும் இடத்தில் அப்படித்தான் மாறிக்கொள்கின்றன. ஆயிரம் இணைக்கு மேல் நீளமான துண்டுகளில் இந்த மாற்றம் சதா நடக்கும். அதனால் பழைய அமைப்பும் புதிய அமைப்பும் கிட்டத்தட்டச் சரிபாதியாகவே செடியில் இருக்கும், செடிக்கு ஒரு கேடும் இல்லை. சுமார் 50 முதல் 600 இணை வரையுள்ள நடுத்தரத் துண்டுகளில் மாற்றம் அபூர்வம். அபூர்வமாக வைத்திருப்பது செல்லின் கருவிலுள்ள (நியூக்ளியஸ்) சில ஜீன்கள்: எம்எஸ்ஹெச்1, ரெக்ஏ3, ஓஎஸ்பி1. இவற்றில் ஒன்று கெட்டால் நடுத்தரத் துண்டுகள் அவிழ்த்து விட்ட மாடு மாதிரி ஓட ஆரம்பிக்கும். அதைவிடச் சின்னத் துண்டுகள் எப்போதோ ஒருமுறை மாறும். ஆனால் புது ஜீன்கள் பிறப்பது பெரும்பாலும் அந்த மாதிரி விபத்துகளில்தான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. எழுத்துப் பிழை விஷயத்தில் செடி மைட்டோகாண்ட்ரியா பரம சாது. ஓர் எழுத்து இன்னொன்றாக மாறும் வேகம் பசுங்கணிகத்தில் (இலைக்குப் பச்சை தரும் குளோரோபிளாஸ்ட்) உள்ளதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான், கருவில் உள்ளதைவிட அதைக் காட்டிலும் மிகக் குறைவு. 1988ல் பால்மரும் ஹெர்பனும் முள்ளங்கி, கடுகு, முட்டைக்கோஸ் இனங்களை ஒப்பிட்டு இதைத்தான் காட்டினார்கள்: எழுத்து மிக மெதுவாகத்தான் மாறும், வரிசை மட்டும் தலைகீழாகப் புரளும். இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். பழுது வந்தால் இன்னொரு பிரதியைப் பார்த்து மறுசேர்க்கை மூலம் சரிசெய்யும் பழக்கம் இங்கே பலமாக இருக்கிறது. அதனால் எழுத்து காப்பாற்றப்படுகிறது. அதே பழக்கம் தவறான இடத்தில் ஒட்டினால் வரிசை புரளுகிறது. எம்எஸ்ஹெச்1 கெட்ட அரபிடாப்சிஸில் எழுத்துப் பிழையும் கூடியது என்று 2020ல் காட்டினார்கள். ஆகவே இந்த ஜீன் இரண்டு பக்கமும் காவல் நிற்கிறது.

கீழே வரும் எல்லா அறிகுறிக்கும் ஒரே கேள்வியை மறக்காமல் கேளுங்கள். "இந்த அமைப்பு இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டால் தப்பான பதில் கிடைக்கும். செடி மைட்டோகாண்ட்ரியாவில் ஏறக்குறைய எல்லாம் எங்கோ கொஞ்சம் இருக்கும். "எவ்வளவு இருக்கிறது?" என்று கேளுங்கள்.

அறிகுறி: ஏ லைனில் மகரந்தம் கொட்டும் செடி

அதிகம் வரும் புகார் இது. மூன்று லைன் முறையில் ஏ லைன் ஆண் மலடு. மைட்டோகாண்ட்ரியாவில் மறுசேர்க்கையால் பிறந்த ஒரு கலப்பு ஜீன் அதன் மகரந்தத்தைக் கெடுக்கிறது. பி லைன் கருவில் அதே ஜாதி, மைட்டோகாண்ட்ரியா மட்டும் நல்லது. ஆர் லைனில் மலட்டை மீட்கும் கருஜீன் உண்டு. இப்போது ஏ வரிசையில் ஒரு செடி தூள் கொட்டுகிறது என்றால், சாத்தியங்கள் நான்கு.

ஒன்று, பி லைன் விதை கலந்துவிட்டது. களத்தில், சாக்கில், விதைப்பு இயந்திரத்தில் எங்கும் நடக்கலாம். இரண்டு, போன தலைமுறையில் ஏ லைனைப் பெருக்கியபோது வெளி மகரந்தம் ஏறி மீட்பு ஜீன் உள்ளே வந்துவிட்டது. மூன்று, கடும் வெயில். சில ஏ லைன்களில் பூக்கும் சமயத்தில் வெப்பம் மிஞ்சினால் மலட்டுத்தனம் தளரும். சித்திரை, வைகாசியில் பூக்கும்படி விதைத்தவர்கள் இதை முதலில் யோசிக்கலாம். நான்கு, நிஜமான மீள்வு: மைட்டோகாண்ட்ரியாவின் அமைப்பே மாறி மலட்டு ஜீன் போய்விட்டது.

முதல் மூன்றையும் தள்ளாமல் நான்காவதைப் பேசக் கூடாது. ஆய்வகம் தொடங்கியவர்களுக்கு நான்காவது ரொம்பப் பிடிக்கும், எழுதினால் கட்டுரையாகும். தோட்டத்துக்காரருக்கோ முதல் இரண்டில்தான் பணம் போகிறது.

பார்வையிலேயே நிறையத் தெரியும். செடி முழுக்க, எல்லாத் தூரும் தூள் கொட்டுகிறதா, அல்லது ஒரே தூரில் மட்டுமா? ஒரே கதிரில் ஒரு பக்கம் மட்டும் என்றால் அது விதையில் வந்த கலப்பு அல்ல. வளரும்போது உள்ளே நடந்த மாற்றம். கலப்பு விதை என்றால் தூள் கொட்டும் செடிகள் வரிசையில் கூட்டமாகவோ, விதைப்பு தொடங்கிய ஓரத்தில் அடர்த்தியாகவோ கிடக்கலாம். மற்ற ஏ செடிகளைவிட உயரமாக, தண்டு தடிப்பாக, ஒட்டு வீரியத்தோடு நிற்கிறது என்றால் வெளி மகரந்தத்தைச் சந்தேகியுங்கள். இந்த இடத்தில் நம் ஊர்க் காற்றை மறந்துவிடக் கூடாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும் காற்று பல்லடம், தாராபுரம் பக்கம் என்ன வேகத்தில் அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. விலகு தூரம் (மற்ற சோள வயலிலிருந்து தள்ளி வைக்கும் தூரம்) நான்கு பக்கமும் ஒரே அளவு என்று காகிதத்தில் இருந்தாலும், மேற்கே யார் தீவனச் சோளம் விதைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவது நல்லது. நாட்டுச் சோளங்கள் பலவற்றில், மைலோ என்ற சோள வகையிலிருந்து வந்த மலட்டுக்கு மீட்பு ஜீன் உண்டு. நம் பக்கம் மாட்டுக்குத் தட்டுச் சோளம் இல்லாத ஊர் ஏது.

கம்பில் ஒரு எச்சரிக்கை. கம்புக் கதிரில் முதலில் சூல்முடி வெளியே வரும், மகரந்தப்பை சில நாள் கழித்துத்தான் வரும். அவசரப்பட்டு முதல் நாளே "இது மலடு, இது இல்லை" என்று சீட்டு கட்டினால் பாதி தப்பாகும்.

சரி, பார்வையில் முடிவாகவில்லை. மகரந்தப்பையைப் பிதுக்கி அயோடின் கரைசல் விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். மாவு நிறைந்த நல்ல மகரந்தம் கறுக்கும், மலட்டு மகரந்தம் வெளிறிச் சுருங்கிக் கிடக்கும். ஒரு கதிருக்கு உறை போட்டுத் தன் மகரந்தத்தில் மணி பிடிக்கிறதா என்று பார்த்து வையுங்கள். அப்புறம் இரண்டு சோதனை.

சந்தேகச் செடியின் மகரந்தத்தைச் சுத்தமான ஒரு ஏ செடியின் கதிரில் ஏற்றுங்கள். பிறக்கும் செடிகளில் ஏறக்குறைய பாதி தூள் கொட்டினால், மகரந்தத்தின் வழியே மீட்பு ஜீன் போயிருக்கிறது. வெளிக் கலப்புதான், மைட்டோகாண்ட்ரியா நிரபராதி. எல்லாமே மலடாக வந்தால் மற்ற மூன்று சாத்தியங்கள் மிச்சம். அடுத்து, உறை போட்ட கதிரின் சொந்த விதையை மிதமான வெயில் காலத்தில் விதையுங்கள். எல்லாம் மலடாக வந்தால் போன தடவை வெயில் செய்த வேலை. எல்லாம் தூள் கொட்டினால் பி கலப்பு அல்லது நிஜ மீள்வு.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பி லைன் செடியும் மீண்ட ஏ செடியும் கலப்புச் சோதனையில் அச்சு அசலாக ஒரே மாதிரி நடந்துகொள்ளும். கரு ஒன்றுதான், மலட்டு ஜீன் இரண்டிலும் இல்லை. எத்தனை தலைமுறை கலந்தாலும் பிரியாது. பிரிக்க ஒரு சுலப வழி பசுங்கணிகம். புல்லினப் பயிர்களில் பசுங்கணிகமும் மைட்டோகாண்ட்ரியாவும் தாய் வழியே சேர்ந்து வரும். மீண்ட செடி மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு பகுதியைத்தான் இழந்திருக்கிறது, பசுங்கணிகம் ஏ லைனுடையதாகவே இருக்கும். பி கலப்பாக இருந்தால் பசுங்கணிகமும் பி உடையதாக இருக்கும். மைலோ சைட்டோபிளாசம் (செல்லில் கருவுக்கு வெளியே உள்ள பகுதி) கொண்ட சோளத்தில் இதற்கு நல்ல அடையாளம் இருக்கிறது: பசுங்கணிகத்தின் ஆர்பிஓசி2 ஜீனில் 165 இணை விடுபட்டிருக்கும். ஒரு பிசிஆரில் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) பார்த்துவிடலாம். தூள் கொட்டும் செடியில் குட்டைத் துண்டு வந்தால் செடி ஏ வம்சம், மேலே தோண்டலாம். நெட்டைத் துண்டு வந்தால் சாக்கில்தான் தப்பு, விதை கொடுத்தவரிடம் பேசுங்கள்.

நிஜ மீள்வுக்கு எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. கம்பில் மலட்டிலிருந்து மீண்ட செடிகளில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மறு அடுக்காகியிருப்பதை 1987லேயே பார்த்தார்கள். பீன்ஸில் மலட்டு வரிசை அழியாமல், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துபோகிறது. அதற்குக் கருவிலுள்ள ஒரு ஜீனே காரணம். மக்காச்சோளத்தின் டி சைட்டோபிளாசம் கதை இன்னும் சுவையானது. அதன் மலட்டு ஜீன் டி-அர்ஃப்13, ரைபோசோம் ஆர்என்ஏ ஜீன் ஒன்றின் துண்டும் ஏடிபி6 பக்கத்துத் துண்டும் மறுசேர்க்கையில் ஒட்டிப் பிறந்தது. அது செய்யும் புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் உட்கார்ந்துகொள்ளும். பைபோலாரிஸ் மேடிஸ் பூஞ்சையின் டி இனம் விடும் நஞ்சு அதன் மேல் பட்டால் சவ்வு ஓட்டையாகிவிடும். 1970ல் அமெரிக்க மக்காச்சோளத்தை இலைக்கருகல் நோய் வாரிக்கொண்டு போனதற்குக் காரணம், அங்கே பெரும்பாலான வயல்களில் இந்த ஒரே சைட்டோபிளாசம் இருந்ததுதான். பிறகு திசு வளர்ப்பில் அந்த நஞ்சைத் தாங்கும் செல்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வளர்ந்த செடிகள் நஞ்சைத் தாங்கின, கூடவே தூளும் கொட்டின. 127 இணை நீளமுள்ள திரும்பு துண்டு ஒன்றின் வழியே மறுசேர்க்கை நடந்து அர்ஃப்13 இருந்த பகுதியே காணாமல் போயிருந்தது.

இதைக் கேட்டுவிட்டு, நம் நாட்டின் முதல் ஒட்டுக் கம்பான ஹெச்பி-1 அடிச்சாம்பல் நோயில் விழுந்ததும் இதே மாதிரி சைட்டோபிளாசத்தால்தான் என்று சொல்பவர்களைப் பார்க்கலாம். அது சரியல்ல. 1965ல் வந்த அந்த ரகத்தின் தாய் டிஃப்ட் 23ஏ நோய்க்கு எளிதில் ஆட்படுவது, கேடு இருந்தது அதன் கருவில். ஏ1 சைட்டோபிளாசத்துக்கும் அடிச்சாம்பலுக்கும் தொடர்பில்லை என்று பின்னால் சோதித்துக் காட்டிவிட்டார்கள்.

என்ன செய்ய வேண்டும்? விதை வயலில் தூள் கொட்டும் செடியைக் காலையில் தூள் பறக்கும் முன்பே பிடுங்கி வயலுக்கு வெளியே போடுங்கள். காரணம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கலவன் நீக்குவது காத்திருக்காது. பிடுங்கும் முன் ஒவ்வொரு தூரிலிருந்தும் தனித்தனியாக இலை எடுத்துப் பெயர் எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டால் பாதி மலடு, பாதி நல்லது என்ற தகவல் அங்கேயே செத்துவிடும்.

அறிகுறி: ஒட்டு விதை விதைத்த வயலில் மணி பிடிக்கவில்லை

இதற்கு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைக் குடைய வேண்டாம். மலட்டு ஜீன் ஒட்டுச் செடியிலும் இருக்கத்தான் செய்யும். ஆர் லைனின் மீட்பு ஜீன் பெரும்பாலும் பிபிஆர் (ஆர்என்ஏவில் ஒட்டிக்கொள்ளும்) வகைப் புரதத்தைச் செய்து, மலட்டு ஜீனின் ஆர்என்ஏவை வெட்டியோ முடக்கியோ வைக்கிறது. டிஎன்ஏ அப்படியே கிடக்கும். மீட்பு பலவீனமான ஒட்டில், பூக்கும் சமயம் குளிர் அல்லது வெயில் எல்லை மீறினால் மணி குறையும். தந்தை லைன் சுத்தமா, பூக்கும் நாட்களில் தட்பவெப்பம் என்ன என்று பாருங்கள். போதும்.

அறிகுறி: இலையில் வெளிறிய கோடு, செடி குட்டை, அதே தாயின் விதையில் மறுபடியும்

நம் பக்கம் சுக்கான் கலந்த பூமியில் சோளம் போட்டால் இளம் இலை நரம்புகளுக்கு நடுவே வெளிறுவது சகஜம், இரும்புச் சத்து கிடைக்காத குறை. அன்னபேதி உப்புக் கரைசலை இலையில் தெளித்துவிட்டுக் காத்திருங்கள். பச்சை திரும்பினால் கதை முடிந்தது. அடுத்து அடிச்சாம்பல்: விடியற்காலை இலையின் அடிப்புறத்தில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கும். வைரஸ் என்றால் சாறு உறிஞ்சும் பூச்சி வந்து போன தடம் இருக்கும், பக்கத்துச் செடிக்கும் பரவும்.

இவை எதுவும் இல்லை, ஒரு குறிப்பிட்ட தாயின் பிள்ளைகளில் மட்டும் கோடுகள் வருகின்றன, அதுவும் ஒவ்வொரு செடியிலும் ஒவ்வொரு அளவில் என்றால் மைட்டோகாண்ட்ரியா பக்கம் திரும்பலாம். மக்காச்சோளத்தில் என்சிஎஸ் என்று பெயரிட்ட திடீர் மாற்றங்கள் இப்படித்தான் தெரியவந்தன. என்சிஎஸ்2 வகையில் நாட்4 ஜீன், என்சிஎஸ்5 வகையில் காக்ஸ்2 ஜீன் மறுசேர்க்கையில் அறுந்துபோயிருந்தது. சுவாசத்துக்கு வேண்டிய ஜீன் போனால் செடி எப்படிப் பிழைக்கும்? நல்ல மைட்டோகாண்ட்ரியாவும் கெட்டதும் கலந்திருப்பதால் பிழைக்கிறது. செல் பிரியப் பிரியக் கெட்டது அதிகம் சேர்ந்த பகுதி வெளிறிக் கோடாகும், நல்லது சேர்ந்த பகுதி பச்சையாக ஓடும். கெட்டது மட்டும் சேர்ந்த முளை மணியிலேயே நின்றுவிடும். எனவே சோதிக்கும்போது வெளிறிய பட்டையையும் பச்சைப் பட்டையையும் தனித்தனியாக வெட்டி எடுங்கள். இரண்டிலும் அந்தத் துண்டு இருக்கும், அளவு மட்டும் வேறுபட்டால் சந்தேகம் உறுதி.

தாயையும் தந்தையையும் மாற்றி மாற்றிக் கலந்து பார்ப்பது வழக்கமான சோதனை. கோடு தாய் வழியே மட்டும் வந்தால் சைட்டோபிளாசம். எம்எஸ்ஹெச்1 கெட்ட செடியிலும் இலை திட்டுத் திட்டாக வெளிறும், ஆனால் அங்கே மூலக் கோளாறு கருவில், விளைவு சைட்டோபிளாசத்தில். மூலம் மறைந்த பின்னும் விளைவு தாய் வழியே தொடரும் என்பதால், ஆரம்பக் கலப்புகளின் பதிவு இல்லாமல் இதை அவிழ்ப்பது கஷ்டம்.

வெள்ளரிக்காரர்கள் இந்தச் சோதனையை அப்படியே நம்பக் கூடாது. வெள்ளரியில் பசுங்கணிகம் தாய் வழி, மைட்டோகாண்ட்ரியா தந்தை வழி. செல் வளர்ப்பிலிருந்து வந்த வெள்ளரிச் செடிகளில் தோன்றிய ஒருவகை மொசைக் இலை தந்தை வழியே பிள்ளைக்குப் போனதற்குக் காரணம் இதுதான். சோளத்தின் கணக்கை வெள்ளரியில் போட்டால் விடை நேரெதிராக வரும்.

அறிகுறி: திசு வளர்ப்பிலிருந்து வந்த கன்றுகள் தாய் மாதிரி இல்லை

கட்டித் திசு, அதாவது காலஸ் வழியாக, பலமுறை மாற்றி மாற்றி வளர்த்திருந்தால் மைட்டோகாண்ட்ரியா அமைப்புகளின் விகிதம் மாறியிருக்க இடமுண்டு. மக்காச்சோளத்தின் டி கதையும் அங்கேதான் நடந்தது. ஆனால் குருத்து நுனியிலிருந்து பெருக்கும் வாழைக் கன்றுகளில் குட்டையும் கோணலும் வந்தால் நான் மைட்டோகாண்ட்ரியாவைக் கடைசியில்தான் விசாரிப்பேன். ஹார்மோன் அளவு, எத்தனை முறை மறுபடி பெருக்கினார்கள், வைரஸ் சோதனைச் சீட்டு எங்கே, இந்த மூன்றையும் முதலில் கேளுங்கள்.

அறிகுறி: மலட்டு ஜீனுக்கான பிசிஆர் பி லைனிலும் பேண்டு தருகிறது

வெற்றுக் குழாய் சோதனை சுத்தமாக இருந்தால், கை வழியே வந்த மாசு இல்லை என்று பாதி நிம்மதி. மீதிக்கு மூன்று காரணம்.

முதலாவது, உண்மையிலேயே அந்த அமைப்பு பி லைனில் மிகக் குறைந்த அளவில் உண்டு. 1987லேயே மக்காச்சோளத்தில் இப்படி அடியில் ஒளிந்து கிடக்கும் மூலக்கூறுகளைப் பார்த்து அவற்றுக்கு சப்லிமான் என்று பெயர் வைத்தார்கள். பீன்ஸில் அந்த மலட்டு வரிசை நூறு செல்லுக்கு ஒரு பிரதி என்ற அளவுக்குக் குறைந்தும் தலைமுறை தாண்டி உயிரோடு இருந்திருக்கிறது. 35 சுழற்சி ஓட்டினால் அதுவும் பளிச்சென்று தெரியும். ஜெல்லில் ஏ, பி இரண்டும் ஒன்று போல நிற்கும். சுழற்சியை 25ஆகக் குறைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால், அடுத்து அளவறி பிசிஆரில் கருவிலுள்ள ஒற்றைப் பிரதி ஜீன் ஒன்றோடு ஒப்பிட்டு விகிதம் எடுங்கள். ஏ லைன் டிஎன்ஏவை பி லைன் டிஎன்ஏவில் நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று கலந்து ஓர் அளவுகோல் செய்து வைத்துக்கொண்டால், விதைக் கலப்பு எந்த அளவு, சப்லிமான் எந்த அளவு என்று பேச முடியும். தனித்தனி விதைகளைச் சோதித்தால் இன்னும் தெளிவு: கலப்பு என்றால் ஒன்றிரண்டு விதையில் முழு அளவு இருக்கும், மற்றதில் ஏறக்குறைய இருக்காது. சப்லிமான் என்றால் எல்லா விதையிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்.

இரண்டாவது, கருவுக்குள் போய்விட்ட பிரதி. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ கருவின் குரோமோசோமுக்குள் நுழைவது செடிகளில் சர்வ சாதாரணம். அரபிடாப்சிஸின் இரண்டாம் குரோமோசோமில் ஆறு லட்சம் இணைக்கும் அதிகமான மைட்டோகாண்ட்ரியா துண்டு அப்படியே குடியிருக்கிறது, மைட்டோகாண்ட்ரியாவின் மொத்த நீளத்தைவிடப் பெரிது. இதைக் கண்டுபிடிக்க, மைட்டோகாண்ட்ரியாவை மையவிலக்கில் தனியே பிரித்து அதிலிருந்து டிஎன்ஏ எடுங்கள். கருஜீனின் அளவு விழும்போது உங்கள் பேண்டும் சேர்ந்து விழுந்தால் அது கருவிலிருக்கும் பிரதி. பேண்டு ஏறினால் நிஜ மைட்டோகாண்ட்ரியா.

மூன்றாவது, பிசிஆரே செய்யும் திருட்டு. முடியாமல் நின்ற ஓர் இழை அடுத்த சுழற்சியில் திரும்பு துண்டு வழியே வேறொரு இழையில் ஒட்டிக்கொண்டு நீண்டால், செடியில் இல்லாத இணைப்பு குழாயில் பிறந்துவிடும். நீட்டும் நேரத்தைக் கூட்டி, சுழற்சியைக் குறைத்து, டிஎன்ஏ உடையாமல் எடுத்துப் பார்த்தால் இது மறையும். மறுசேர்க்கையைத் தேடுபவருக்கு இதைவிட மோசமான பொய்சாட்சி கிடையாது.

சூரியகாந்தியில் ஒரு கொசுறு. 1969ல் லெக்லெர்க் தந்த பெட்1 சைட்டோபிளாசத்தில் மலட்டுக்குக் காரணமான வரிசை ஏடிபி1 ஜீனை ஒட்டி உட்கார்ந்திருக்கும். நன்றாகத் தூள் கொட்டும் ஒட்டுச் செடியிலும் அது இருக்கும், இருக்கத்தான் வேண்டும். அதைப் பார்த்துவிட்டுக் கலப்படம் என்று எழுதிவிடாதீர்கள்.

அறிகுறி: வரிசைப்படுத்தினால் மைட்டோகாண்ட்ரியா வட்டமாகச் சேரவில்லை

சேர வேண்டும் என்று யார் சொன்னது? பாடப்புத்தகத்தில் ஒரு பெரிய வட்டம் வரைந்திருப்பார்கள். பிராசிக்கா ராபா என்ற கடுகு இனச் செடியில் 1984ல் சொன்னபடி 218 ஆயிரம் இணை வட்டம், அது இரண்டு ஆயிர இணைத் திரும்பு துண்டில் மறுசேர்ந்து 135ம் 83ம் ஆகப் பிரியும். வரைபடமாக அது மிக அழகு. ஆனால் நுண்ணோக்கியிலும் ஜெல்லிலும் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் நீள் இழைகளும் கிளை விட்ட இழைகளும்தான், முழு நீள வட்டம் அரிதே.

ஆகவே கணினி ஒரே வட்டம் தரவில்லை என்றால் மென்பொருளைத் திட்டுவதற்கு முன், பிரியும் முனைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். குறுந்துண்டு வாசிப்புகள் (கருவி ஒரே மூச்சில் படிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) திரும்பு துண்டைத் தாண்டாது, எனவே அங்கே பாதை பிரியும். அந்தத் துண்டைவிட நீளமான வாசிப்பு தேவை. அரபிடாப்சிஸில் பெரிய திரும்பு துண்டுகள் சுமார் 6,500, 4,200 இணை. அதைத் தாண்டும் வாசிப்புகளை எடுத்து, துண்டின் இரு புறமும் எது எதோடு சேருகிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு சேர்க்கை: இரண்டு பழையது, இரண்டு மாறியது. நான்கும் ஏறக்குறைய சமம் என்றால் சதா மறுசேரும் துண்டு. மாறியது ஓரிரு வாசிப்பில் மட்டும் என்றால் சப்லிமான். மாறிய இரண்டில் ஒன்று நிறைய, மற்றது இல்லவே இல்லை என்றால் ஒருபக்க மறுசேர்க்கை. எம்எஸ்ஹெச்1 போன்ற காவல் ஜீனில் பழுது இருக்கிறதா என்று தேட அதுதான் நல்ல சாக்கு.

அதற்கு முன் பசுங்கணிகத்தைக் கழித்துவிடுங்கள். இலையிலிருந்து எடுத்த டிஎன்ஏவில் மைட்டோகாண்ட்ரியாவைவிடப் பசுங்கணிகம் பல மடங்கு இருக்கும். பசுங்கணிகத் துண்டுகள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் குடியேறியும் இருக்கும். அந்த இடத்தில் ஆழம் (அங்கே விழும் வாசிப்புகளின் எண்ணிக்கை) திடீரென்று மலை போல ஏறினால் பயப்பட வேண்டாம். விதையை இருட்டில் முளைக்கவிட்டு வெளுத்த நாற்றில் டிஎன்ஏ எடுத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். சோளம், கம்பு இரண்டுக்கும் இது சுலபம், ஈரச் சாக்கும் மூடிய அலமாரியும் இருந்தால் போதும்.

கடைசியில் ஒரே ஒரு வட்டம் வரைந்துதான் ஆக வேண்டும் என்று வழிகாட்டி சொன்னால் வரையுங்கள். அதன் கீழே ஒவ்வொரு திரும்பு துண்டுக்கும் நான்கு சேர்க்கைகளின் வாசிப்பு எண்ணிக்கையை அட்டவணையாகப் போட்டுவிடுங்கள். பின்னால் படிப்பவர் வட்டத்தைத் தாண்டி அந்த அட்டவணையைத்தான் தேடுவார்.

அறிகுறி: எம்எஸ்ஹெச்1ஐ அடக்கிய செடி, அடக்கும் ஜீன் போன பின்னும் மாறவில்லை

மாறாது. புகையிலையிலும் தக்காளியிலும் இந்த ஜீனை ஆர்என்ஏ வழியே அடக்கியபோது மைட்டோகாண்ட்ரியா அமைப்பு மாறி, ஆண் மலட்டுச் செடிகள் கிடைத்தன. அடக்கிய ஜீனைக் கலப்பில் கழற்றி எறிந்த பிறகும் மலட்டுத்தனம் தாய் வழியே தொடர்ந்தது. விகிதம் ஒருமுறை புரண்டால், காவல் திரும்பி வந்தாலும் பழைய விகிதத்துக்குத் தானாகத் திரும்புவது அரிது. காவல் ஜீன் புதுப் புரளலைத் தடுக்கும், நடந்து முடிந்ததைத் திருப்பாது. இப்படிப்பட்ட வரிசையை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் தாய்ச் செடியின் இலையைத் தனியே உறையவைத்து எண்ணிட்டு வையுங்கள். மாற்றம் எந்தத் தலைமுறையில் நடந்தது என்று பின்னால் கேட்கும்போது, பதில் அந்தப் பெட்டியில் மட்டும்தான் இருக்கும்.